முகத்தை அளந்த வரலாறு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பிலே தோன்றும் என்பதை எல்லா நாட்டு மக்களும் அறிந்திருக்கின்றனர். பேசத் தெரியாத குழந்தையும் தாயின் முகத்தை நோக்கி, அவள் மகிழ்ந்திருக்கிறாளா, சினந்திருக்கிறாளா என்று உணர்கிறது. கடைக்காரர், வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார். வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர், எதிரே இருக்கும் முகங்களைக் கொண்டே தாம் சொன்னது விளங்கிற்றா இல்லையா என்று தெரிந்துகொள்கிறார். மனிதனுக்கு இயல்பாக வாய்த்த இந்தத் திறமையைக் கணிப்பொறிக்கும் கற்பிக்க முடியுமா? இவ்வினாவை அறிவியலார் எழுப்பி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு அடிப்படையான முயற்சியோ 160 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இவ்வரலாற்றை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 2018-ஆம் ஆண்டில் சீன நாட்டு ஹாங்சோ நகரத்தில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறையில் காமிராக்கள் பொருத்தப்பட்டன. அவை 30 வினாடிக்கு ஒரு முறை மாணவர்களின் முகங்களைப் படம் பிடித்தன. கணிப்பொறி அப்படங்களை ஆராய்ந்து, இன்னவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், இன்னவர் வருத்தமாக இருக்கிறார், இன்னவர் சினத்தோடு இருக்கிறார் என்று பிரித்துக் காட்டியது. ஒருவன் என்ன செய்கிறான் என்று கண்காணிப்பது பழைய வழக்கம். அவன் என்ன உணர்கிறான் என்பதையும் கண்காணிக்க முற்படுவது புதிய வழக்கம். ஆகவே கணிப்பொறி உண்மையில் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்று தெளிந்துகொள்வது நம் கடமையாகிறது.

தமிழ் பயின்றவர்களுக்கு இந்த ஆராய்ச்சியில் புக ஒரு நல்ல வாயில் திறந்திருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு அழைக்கிறது. பொருளதிகாரத்தில் அதற்கென ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை அவ்வியல் எண்ணுகிறது. எண்ணியதோடு நின்றுவிடவில்லை, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களைப் பற்றித் தோன்றும் என்றும் வகுக்கிறது. நகை என்பது ஒன்றுதான். ஆனால் அது எள்ளலாலும் பிறக்கும், இளமையாலும் பிறக்கும், பேதைமையாலும் பிறக்கும், மடமையாலும் பிறக்கும். எனவே, சிரிப்பைக் கண்டவர் சிரிப்பின் காரணத்தையும் கண்டுவிட்டதாகக் கருதிவிடக் கூடாது என்பது இப்பாகுபாட்டிலிருந்து நாம் பெறும் பாடம் எனலாம். வெளியே தோன்றும் குறி ஒன்று. அதன் உள்ளே இருக்கும் காரணம் வேறொன்று. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவுக்குச் செல்வோம்.

பிரெஞ்சு நாட்டுத் தலைநகரான பாரிசில், சால்பெத்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே தசை நோய்களை ஆராய்ந்து வந்தவர் டியூஷேன் என்னும் மருத்துவர். தசையின்மீது மின்சாரம் பாய்ந்தால் தசை சுருங்கும் என்பதை அவர் தம் மருத்துவத்தில் பயன்படுத்திக்கொண்டார். அதே முறையை முகத்திலும் கையாண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முகத் தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டி, எந்தத் தசை எந்த மெய்ப்பாட்டை உண்டாக்குகிறது என்று கண்டறிய முனைந்தார். அப்போது புதிதாக வளர்ந்து வந்த புகைப்படக் கலை அவருக்குத் துணை செய்தது. இந்த ஆய்வின் முடிவுகளை 1862-ஆம் ஆண்டில் படங்களோடு கூடிய ஒரு நூலாக வெளியிட்டார்.

அப்படங்கள் பலவற்றிலும் காணப்படுபவர் ஒரு முதியவர். அவர் முகத்தில் தொடு உணர்வு குறைந்து போயிருந்தது. அதனால் மின்சாரம் செலுத்தியபோது அவருக்கு வலி தோன்றவில்லை. ஒரு படத்தில் அவர் முகம் மகிழ்ச்சியைக் காட்டுகிறது. மற்றொன்றில் பெருந் துயரத்தைக் காட்டுகிறது. வேறொன்றில் கண்கள் விரிந்து, வாய் திறந்து, கடும் அச்சத்தைக் காட்டுகிறது. ஆனால் முதியவர் அஞ்சவும் இல்லை, துயருறவும் இல்லை. மின்முனையை வைத்திருந்த மருத்துவரின் கையே அவர் முகத்தில் அச்சத்தை எழுதிற்று. முகத்தை அளக்கும் அறிவியல் பிறந்த அன்றே, உணர்ச்சி இல்லாமலும் மெய்ப்பாடு தோன்றக்கூடும் என்பதற்குச் சான்றும் கூடவே பிறந்துவிட்டது.

டியூஷேன் இதை அறியாதவர் அல்லர். உண்மையான புன்னகைக்கும் பொய்யான புன்னகைக்கும் வேறுபாடு காண அவர் முயன்றார். வாயின் ஓரத்தை மேலே இழுக்கும் தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்படும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளத்தில் மகிழ்ச்சி இருந்தால்தான் இயங்கும் என்று அவர் முடிவு செய்தார். இன்றும் கண்ணோரம் சுருங்கும் புன்னகையை அறிவியலார் அவர் பெயராலேயே அழைக்கின்றனர். ஆயினும் கண்ணோரத் தசையையும் வேண்டியபோது இயக்க வல்லவர் பலர் உண்டு என்று பிற்காலத்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

டியூஷேனின் படங்கள் இங்கிலாந்தில் சார்லசு டார்வின் கைக்குக் கிடைத்தன. உயிர்களின் படிப்படியான வளர்ச்சியை ஆராய்ந்த டார்வின், மனிதனின் மெய்ப்பாடுகளும் விலங்குகளின் மெய்ப்பாடுகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று அறிய விரும்பினார். 16 வினாக்கள் அடங்கிய ஒரு பட்டியலை உலகின் பல பகுதிகளில் இருந்தவர்களுக்கு அனுப்பி, அங்குள்ள மக்கள் வியப்புறும்போதும் நாணும்போதும் சினக்கும்போதும் முகம் எவ்வாறு மாறுகிறது என்று கேட்டார். 36 பேரிடமிருந்து விடை வந்தது. கல்கத்தாத் தாவரவியல் பூங்காவிலிருந்தும் ஒருவர் தாம் கண்டவற்றை எழுதி அனுப்பினார். 1872-ஆம் ஆண்டில் டார்வினின் நூல் வெளிவந்தது. முதன்மையான மெய்ப்பாடுகள் உலகமெங்கும் ஒரே தன்மையாக இருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

அந்நூலில் அவர் செய்த ஒரு சிறு சோதனை நம் கருத்துக்குரியது. டியூஷேனின் படங்களை, விளக்கம் எதுவும் சொல்லாமல், கல்வியறிவு பெற்ற இருபதுக்கு மேற்பட்டவர்களிடம் காட்டி, இம்முகத்தில் இருப்பது என்ன உணர்ச்சி என்று வினவினார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லாரும் ஒரே விடை சொன்னார்கள். வேறு சில படங்களுக்கோ ஒன்றோடொன்று சிறிதும் பொருந்தாத விடைகள் வந்தன. டார்வின் தம் அனுபவத்தையும் மறைக்காமல் எழுதினார். விளக்கத்தைப் படித்துக்கொண்டே படத்தைப் பார்த்தபோது எல்லாம் பொருத்தமாகவே தோன்றியது என்றும், விளக்கம் இல்லாவிட்டால் மற்றவர்களைப் போலத் தாமும் திகைத்திருக்கக்கூடும் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். முகத்தைப் படிக்கிறோம் என்று நாம் எண்ணும்போது, பல சமயங்களில் முகத்தோடு வந்த செய்தியையே படிக்கிறோம் என்பதை அந்தப் பேரறிஞர் அன்றே உணர்ந்திருந்தார்.

முகம் மட்டுமன்றி, உடம்பின் உள்ளியக்கங்களும் அளக்கப்பட்டன. 1888-ஆம் ஆண்டில் ஃபேரே என்னும் பிரெஞ்சு மருத்துவர், உணர்ச்சி எழும்போது தோலின் மின்தடை மாறுகிறது என்று கண்டறிந்தார். வியர்வைச் சுரப்பிகளின் இயக்கமே இதற்குக் காரணம். 1921-இல் அமெரிக்காவில் பெர்க்கிலி நகரக் காவல்துறையைச் சேர்ந்த ஜான் லார்சன், இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒருங்கே பதிவு செய்யும் பொறி ஒன்றை அமைத்தார். மக்கள் அதற்குப் பொய் காட்டும் கருவி என்று பெயர் கொடுத்துவிட்டனர். உண்மையில் அக்கருவி காட்டுவது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும்தான். பொய் சொல்பவனின் நெஞ்சு படபடக்கலாம். குற்றமற்றவன் அஞ்சினாலும் நெஞ்சு படபடக்கலாம். 1923-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரத்த அழுத்தத்தைக் கொண்டு உண்மை காணும் சோதனையைச் சான்றாக ஏற்க மறுத்தது. அறிவியலார் பொதுவாக ஏற்றுக்கொள்ளாத முறையை நீதிமன்றம் ஏற்க இயலாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. மறு ஆண்டில், கார்னி லாண்டிஸ் என்னும் உளவியலார், பல்வேறு சூழ்நிலைகளுக்கு உள்ளானவர்களின் முகங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். இன்ன உணர்ச்சிக்கு இன்ன முகம் என்னும் நிலையான பொருத்தம் அவருக்குக் கிட்டவில்லை.

இதன் பிறகு சில காலம் இத்துறை தளர்ந்திருந்தது. அதற்குப் புத்துயிர் அளித்தவர் பால் எக்மன் என்னும் அமெரிக்க உளவியலார். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த மக்களும் நம்மைப் போலவே முகக்குறிகளை உணர்வார்களா என்று அறிய, அவர் 1967, 1968 ஆண்டுகளில் பப்புவா நியூகினியின் மலைநாட்டுக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த ஃபோரே இன மக்களிடம், ஒருவனுடைய குழந்தை இறந்துவிட்டது என்பது போன்ற சிறு கதைகளைச் சொல்லச் செய்து, சில புகைப்படங்களைக் காட்டி, கதைக்குப் பொருந்தும் முகத்தை எடுக்கச் சொன்னார். பெரும்பாலும் அவர்கள் அமெரிக்கர் எடுத்த படத்தையே எடுத்தனர். அச்ச முகத்தையும் வியப்பு முகத்தையும் மட்டும் பிரித்தறியவில்லை. 1971-இல் இம்முடிவு வெளியாயிற்று. மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு என்னும் ஆறும் மனித இனத்திற்கே பொதுவானவை என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

எக்மனும் அவருடைய துணைவரான வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் மற்றொரு பெரும் பணியை முடித்தனர். முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்து, நாற்பதுக்கு மேற்பட்ட அசைவுகளை வரிசைப்படுத்தினர். புருவம் தாழ்வது 4, கன்னம் உயர்வது 6, வாயோரம் மேலே இழுபடுவது 12 என்று இவ்வாறு அமைந்தது அப்பட்டியல். இசைக்குச் சுரக்குறிப்பு எழுதுவது போல முகத்திற்கும் குறிப்பு எழுத இதனால் வழி பிறந்தது. ஒரு நிமிடம் ஓடும் படத்திற்கு இவ்வாறு குறிப்பு எழுதப் பயிற்சி பெற்றவருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பட்டியல் அசைவுகளின் பட்டியலே அன்றி, உணர்ச்சிகளின் பட்டியல் அன்று. 6-ஆம் எண்ணும் 12-ஆம் எண்ணும் சேர்ந்து வந்தன என்று சொல்வது அளவை; ஆகவே இவர் மகிழ்ந்திருக்கிறார் என்று சொல்வது ஊகம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பின்வந்தவர் பலர் மறந்துவிட்டனர்.

இனிக் கணிப்பொறியின் வரவைக் காண்போம். 1970-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு விந்தை வைக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் ஒரு தொலைக்காட்சிக் காமிராவின் முன் அமர்வார். அவர் முகத்தைக் கணிப்பொறி ஆராய்ந்து, புகழ்பெற்ற மனிதர் எவருடைய முக வகையைச் சேர்ந்தவர் என்று கூறும். முகக்குறி பார்த்துக் குணம் சொல்லும் பழைய வழக்கத்தின் புதுக் கோலம் அது. விடைகள் அவ்வளவு நம்பத்தக்கவையாக இல்லாவிடினும், கூட்டம் நிறைய வந்தது. அங்கே எடுக்கப்பட்ட முகப்படங்கள், கியோட்டோப் பல்கலைக்கழக மாணவராக இருந்த தக்கேயோ கனாதேயின் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. படத்தில் கண் எது, மூக்கு எது, வாய் எது என்று தானே கண்டறியும் கணிப்பொறி முறையை உருவாக்கி, 1973-இல் அவர் தம் ஆய்வேட்டை முடித்தார்.

1978-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர், முகத்தில் 20 புள்ளிகளைக் குறித்து, ஓடும் படத்தில் அவை நகர்வதைக் கணிப்பொறியால் பின்தொடர்ந்தனர். 1991-இல் கென்ஜி மாசே, முகத்தோலில் ஒளியும் நிழலும் இடம்பெயர்வதைக் கணக்கிட்டு, தசைகளின் இயக்கத்தை அறியும் முறையைக் காட்டினார். பிறகு 1995-இல், அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிகார்டு என்னும் பெண் அறிஞர், உணர்ச்சியோடு தொடர்புடைய கணிப்பியலுக்கு ஒரு தனித்துறை வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 1997-இல் அதை நூலாகவும் விரித்தார். எகிப்து நாட்டில் பிறந்த ரானா எல் கலியூபி அவரோடு வந்து சேர்ந்தார். பிறர் முகத்தைப் புரிந்துகொள்ள இடர்ப்படும் ஆட்டிசம் உடையவர்களுக்கு உதவியான கருவி ஒன்றை அமைப்பதே இவர்களுடைய தொடக்க நோக்கம். 2009-இல் இருவரும் அஃபெக்டிவா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். விரைவிலேயே விளம்பரக்காரர்கள், தங்கள் விளம்பரத்தைப் பார்ப்பவர் முகம் எவ்வாறு மாறுகிறது என்று அறிய அந்நிறுவனத்தை நாடினர். உதவிக் கருவியாகப் பிறந்தது வாணிகக் கருவியாக வளர்ந்தது.

கணிப்பொறி எவ்வாறு கற்கிறது? அதற்குப் படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்தின் மேலும் ஓர் உணர்ச்சியின் பெயர் எழுதியிருக்க வேண்டும். கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் கூட்டம். நீளத்தில் 48, அகலத்தில் 48 புள்ளிகள் கொண்ட படமானால், ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் ஓர் எண்ணாக 2,304 எண்கள். இவ்வெண்களைக் கொண்டு கணிப்பொறி ஓர் உணர்ச்சியின் பெயரை ஊகிக்கிறது. மேலே எழுதியுள்ள பெயரோடு ஊகம் ஒத்துவராவிட்டால், தன் உள்ளே இருக்கும் பெருக்கு எண்களைச் சிறிது மாற்றிக்கொள்கிறது. இவ்வாறு பல்லாயிரம் படங்களைப் பலமுறை பார்த்தபின், தான் பார்த்திராத படத்திற்கும் பெயர் சொல்லப் பழகுகிறது. இதுவே அதன் கல்வி.

அப்படியானால் அந்தப் பெயர்களை எழுதியவர் யார்? இதுதான் இவ்வரலாற்றின் உயிரான வினா. 1998-இல் வெளியான ஒரு ஜப்பானியத் தொகுதியில் 213 படங்கள் உண்டு. அவை 10 பெண்கள் கேட்டுக்கொண்டபடி முகத்தை அமைத்துக் காட்டியவை. 2000-ஆம் ஆண்டில் கனாதேயும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட தொகுதியில் 97 பேரின் 486 படத்தொடர்கள் உள்ளன. அவையும் சொல்லிக் கொடுத்துச் செய்வித்த முகங்களே. குரலுக்கும் இதே நிலைதான். 2005-இல் வெளியான பெர்லின் குரல் தொகுதியில், 10 நடிகர்கள் 10 எளிய வாக்கியங்களைச் சினத்தோடும், அச்சத்தோடும், மகிழ்ச்சியோடும் நடித்துப் பேசினர். மேடையில் அழும் நடிகனைக் கண்டு அழுகை இன்னது என்று கற்றவன் நிலையில் கணிப்பொறி இருந்தது.

இக்குறையைப் போக்க, பொதுமக்களின் படங்களை இலட்சக்கணக்கில் திரட்டத் தொடங்கினர். 2013-இல் 35,887 சிறு படங்கள் கொண்ட தொகுதி ஒன்று வெளியாயிற்று. அதில் எழுதியிருந்த பெயர்களை மனிதர்களே சரியாகச் சொல்கிறார்களா என்று பார்த்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 65 படங்களில்தான் பொருத்தம் இருந்தது. 2017-இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களைத் திரட்டி, அவற்றுள் ஏறத்தாழ 4,40,000 படங்களுக்கு ஆட்களைக் கொண்டு பெயர் எழுதச் செய்தனர். ஒரு பகுதிப் படங்களை மட்டும் இருவரிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தனர். நூற்றுக்கு 61 அளவிலேதான் இருவர் சொல்லும் ஒத்திருந்தது. டார்வின் இருபது பேரிடம் கண்ட கருத்து வேற்றுமை, 145 ஆண்டுகளுக்குப் பின்னரும் தீரவில்லை என்பதை இது காட்டுகிறது. படத்தில் இருந்தவரை அணுகி, அப்போது உமக்கு என்ன உணர்ச்சி இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே கணிப்பொறி கற்றது உணர்ச்சியை அன்று. ஒரு முகத்தைப் பார்த்த மற்றொருவர் அதற்கு என்ன பெயர் இடுவார் என்பதையே அது கற்றது.

ஊகத்தைக் கற்ற பொறி, ஊகத்தில் உள்ள பிழையையும் கற்கும். 2018-ஆம் ஆண்டில் லாரன் ரூ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், கூடைப்பந்து வீரர்களின் 400 படங்களைக் கடைகளில் விற்கப்படும் பொருள்போலக் கிடைத்துவந்த இரண்டு கணிப்பொறி முறைகளிடம் கொடுத்துப் பார்த்தார். கறுப்பின வீரர்களின் முகங்களில் அவை கெட்ட உணர்ச்சிகளை மிகுதியாகக் கண்டன. அவற்றுள் ஒன்று, புன்னகையின் அளவு ஒத்திருந்தபோதும், கறுப்பினத்தவரையே அதிகச் சினமுடையவராகக் காட்டியது. நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் உண்டு. எக்மன் சென்ற அதே பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோப்ரியாண்ட் தீவுகளில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு நடந்தது. அமெரிக்கர் அச்சம் என்று கொள்ளும் முகத்தை, அத்தீவு மக்கள் பிறரை அச்சுறுத்தும் முகமாகக் கொண்டனர் என்று அது காட்டியது.

அரசுகளும் நிறுவனங்களும் இத்தகைய ஊகங்களை நம்பிச் செயலாற்றியபோது என்ன நேர்ந்தது? அமெரிக்க விமான நிலையங்களில், முகமும் நடத்தையும் பார்த்துத் தீயவரைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் 2007 முதல் பரவலாக அமர்த்தப்பட்டனர். அங்கே பொறி அன்று, மனிதரே முகம் பார்த்தனர். ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவான பின், 2013-இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் அதை ஆராய்ந்தது. இம்முறை பயன் தருவதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, பணம் ஒதுக்குவதைக் குறைக்குமாறு அறிவுறுத்தியது. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்விலும் முகத்தை ஆராயும் முறை நுழைந்தது. அதை நடத்தி வந்த ஹயர்வியூ என்னும் நிறுவனம், முக ஆராய்ச்சியைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் தெரிவித்தது.

2019-ஆம் ஆண்டில், லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலிய ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தனர். சினம் கொண்டவர்கள் புருவத்தை நெரித்து முறைப்பது நூற்றுக்கு 30 முறை அளவில்தான் என்று அவர்கள் கண்டனர். மற்ற வேளைகளில் சினம் கொண்டவர் சிரிக்கலாம், அழலாம், முகம் மாறாமலும் இருக்கலாம். மறுபுறம், புருவத்தை நெரிப்பவரெல்லாம் சினந்தவரும் அல்லர்; கடினமான கணக்கைச் சிந்திக்கும் மாணவரும் புருவத்தை நெரிப்பார். வகுப்பறையில் இவரைக் கணிப்பொறி சினமுடையவர் என்று பதிவு செய்தால், ஊன்றிப் படித்ததற்காகவே அவர் குற்றம் சாட்டப்பட நேரும் அன்றோ?

இந்த ஆபத்தை உலகம் உணரத் தொடங்கியிருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைத் தன் பொதுச் சேவையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை அறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் மனிதரின் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளைத் தடை செய்தது. மருத்துவத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் மட்டும் அதில் விலக்கு உண்டு. 2025 பிப்ரவரி 2 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் இதனோடு உறவுடைய ஒரு தீர்ப்பு உண்டு. செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில், 2010-இல் உச்சநீதிமன்றம், ஒருவருடைய ஒப்புதல் இன்றிப் பொய் காட்டும் கருவி முதலியவற்றால் அவரைச் சோதிப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று கூறியது. ஒருவருடைய உள்ளம் அவருக்கே உரியது. அதனுள் வலிந்து புகப் பிறருக்கு உரிமை இல்லை என்னும் அடிப்படை அத்தீர்ப்பில் இருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின், இந்த ஆராய்ச்சி முழுவதும் வீண் என்று முடிவு செய்வது பொருந்தாது. பிகார்டின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தரும். ஃபேரே கண்ட தோலின் மின்மாற்றத்தை அளக்கும் கைப்பட்டை ஒன்று அங்கே செய்யப்பட்டிருந்தது. ஒரு மாணவர், பேச இயலாத தம் தம்பியின் உள்ளநிலையை அறியலாம் என்று விடுமுறையில் அதை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். வந்த பதிவுகளில், ஒரு கையில் மட்டும் அளவு மிகப் பெரிதாக உயர்ந்திருந்ததைப் பிகார்டு கண்டார். இது மனவருத்தம், இது அச்சம் என்று அவர் பெயரிட்டு முடித்துவிடவில்லை. அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்தார். அந்நேரத்தை ஒட்டிச் சிறுவனுக்கு வலிப்பு நோய் கண்டதாகத் தெரிந்தது. அதன்பின் நடந்த ஆராய்ச்சிகளால், வலிப்பை உணர்ந்து உறவினருக்கு அறிவிக்கும் கைக்கருவி உருவாயிற்று. 2018-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு இசைவு அளித்தது. அளவை அளவையாகவே கொண்டு, காரணத்தை மனிதரிடம் கேட்டறிந்ததனால் விளைந்த நன்மை இது.

டியூஷேனின் மின்முனை முதல் இன்றைய கணிப்பொறி வரை இவ்வரலாற்றில் இரண்டு செயல்கள் கலந்து வந்திருக்கின்றன. ஒன்று, அளப்பது, மற்றொன்று, பெயரிடுவது. அளக்கும் திறமை நாளுக்கு நாள் நுட்பமாகி வந்திருக்கிறது. பெயரிடும் வேலையோ அன்றும் மனிதனின் ஊகமாக இருந்தது. இன்றும் அவ்வாறே இருக்கிறது. பொறியின் வாயிலாக வருவதால் மட்டும் ஊகம் அளவையாகிவிடாது.

மாணவர்களே, நாளை நீங்கள் இத்தகைய கருவிகளை அமைப்பவர்களாகவும் ஆகலாம். அவற்றால் சோதிக்கப்படுபவர்களாகவும் ஆகலாம். எந்த நிலையில் இருந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். இக்கருவி எதை அளக்கிறது? அதற்குப் பெயர் வைத்தவர் யார்? யாரைப் பற்றிச் சொல்கிறதோ, அவரைக் கேட்டார்களா? ஒரு மனிதன் என்ன உணர்கிறான் என்று அறிய விரும்புகிறவர்கள் அவன் முகத்தைப் பார்ப்பது நல்லதே. பார்த்தபின் அவனிடம் பேசவும், அவன் சொல்வதைக் கேட்கவும் வேண்டும். அவ்வாறு கேட்கும் பொறுப்பைக் கணிப்பொறியிடம் விட்டுவிடாமல் நாமே ஏற்றுக்கொள்வோமாக.